வலது பெருவிரல்

நூற்று நான்கு வயது முதியவரின் பெருவிரல் ரேகை முதல் அழுத்தத்திலேயே தெளிவாகப் பதிந்தது. அதுவே செந்தமிழ்ச்செல்வியின் மனத்தில் ஒரு சிறு உறுத்தலை உண்டாக்கியது.

ஓய்வூதியம் பெறுவோரின் இல்லங்களுக்கு நேரில் சென்று, அவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கான ஆண்டுச் சான்றைக் கைரேகையின் வழியாகப் பதிவு செய்வது, வெள்ளிமலை அஞ்சலகத்தில் பணிபுரியும் அவளுக்கு ஒவ்வொரு நவம்பரிலும் வாய்க்கும் வேலை. எழுபதைக் கடந்தோரின் விரல்கள் எத்தகையவை என்பதை அவள் நன்கறிவாள். மண்வெட்டி பிடித்தும் களை பறித்தும் ரேகை தேய்ந்த விரல்களை ஈரத்துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, ஐந்தாறு முறை அழுத்திய பிறகே கருவி மனமிரங்கும். இந்தப் பெருவிரலோ, முதல் மழைக்குப் பின் ஏரோட்டிய கொல்லையைப் போல வரிவரியாகப் பதிந்தது. தொட்டபோது அது சூடாகவும் இருந்தது.

அவ்வளவு தெளிவாகப் பதிந்தும் கருவி அதை ஏற்கவில்லை. 'பொருந்தவில்லை' என்று கைபேசித் திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றின.

"இன்னொரு தடவ வையுங்க ஐயா."

"வெச்சாப் போச்சு. எனக்கென்னம்மா அவசரம்" என்றார் டாக்டர் ராஜாங்கம்.

சாய்வு நாற்காலியில் கழுத்துவரை கம்பளி போர்த்து அமர்ந்திருந்த அவருடைய முகம், முதுமையின் முகமாகவும் இல்லை, இளமையின் முகமாகவும் இல்லை. மெழுகு தேய்த்துத் துடைத்த பழைய மேசையைப் போல அதில் ஒரு மங்கிய பளபளப்பு இருந்தது. போர்வையிலிருந்து வெளியே நீண்டிருந்தது வலது கை மட்டுமே. இடது கையில் அணிந்த கறுப்புத் தோலுறை மட்டும் போர்வை விளிம்பில், மடிமேல் தெரிந்தது.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் கோடையில் தங்குவதற்காகக் கட்டிய அந்தக் கல் பங்களா, ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, கடுக்காய் மரங்கள் அடர்ந்த சரிவின் விளிம்பில் நின்றது. மணி பிற்பகல் நான்குதான். எனினும் மலையின்மேல் இறங்கியிருந்த மேகம் சன்னல்களை வெள்ளைத் துணியால் மூடியதுபோல் மூடியிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து நீர் சொட்டும் ஓசையும், உள்ளறையில் ஏதோ ஒரு குளிர்பெட்டி விடாமல் முனகும் ஓசையும், அவ்விரண்டுக்கும் இடையில் முதியவரின் மூச்சும் கேட்டன. மருத்துவமனைகளுக்கே உரிய ஸ்பிரிட்டின் நெடியும் கிராம்பின் மணமும் அறையை நிறைத்திருந்தன. அவற்றுக்கு அடியில், மிகவும் அடியில், அளவுக்கு மீறிப் பழுத்த பலாப்பழத்தின் இனிப்பு வாடை ஒன்று ஒளிந்திருந்தது. பலாப்பழக் காலம் முடிந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன என்பதை அவள் எண்ணிப் பார்த்தாள். பிறகு எண்ணாமல் விட்டாள்.

அவளை வாயிற்கதவிலிருந்து அழைத்து வந்தவர் பங்களாவின் காவலாளி கரியன். அந்த மங்கிய பொழுதிலும் அவர் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்; தூணையும் படியையும் தடவிக்கொண்டே நடந்தார்.

"கண்ணு ஆப்பரேசனுங்களா?" என்று அவள் கேட்டாள்.

"அப்பிடித்தான் வெச்சுக்கங்கம்மா" என்றார் அவர். சற்றுத் தூரம் நடந்தபின் குரலைத் தாழ்த்தினார். "வேலய சுருக்கா முடிங்க. ஆனாலும் ஆவாட்டியும் அஞ்சு மணி பஸ்ஸ வுட்டுடாதீங்க. ஐயா டீ குடுத்தா வாணாம்னு சொல்லிடுங்க."

"ஏங்க, டீ அவ்ளோ மோசமா இருக்குமா?"

அவர் சிரிக்கவில்லை.

இரண்டாம் முறையும் பெருவிரல் பொருந்தவில்லை. சுட்டுவிரலும் நடுவிரலும் பொருந்தவில்லை. முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்க்கும் வழியையும் முயன்றாள்; கைபேசி அந்த முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அதையும் மறுத்தது.

போன ஆண்டுவரை இந்தப் பங்களாவுக்கு வந்துபோய், பிறகு ஓய்வு பெற்ற நாராயணசாமி அன்று காலை தொலைபேசியில் சொன்னது நினைவுக்கு வந்தது. "நூத்தி நாலு வயசும்மா அந்த ஆளுக்கு. எமன் வூட்டு வழி தெரியாம மலையச் சுத்திக்கினு கீறான் போல. ரெண்டு வருசமா வலது கை வரவே மாட்டேங்குது. நீ இன்னா பண்ற, இடது கட்டவெரல வெச்சுடு. ஒரே அமுக்கு, வந்துடும்."

"ஐயா, இடது கையக் குடுக்கறீங்களா? போன வருசம் அதுலதான் எடுத்தாங்களாம்."

முதியவர் தம் மடியில் கிடந்த கறுப்பு உறையைக் குனிந்து பார்த்தார்.

"இந்த வருஷம் அது இல்லம்மா."

பக்கவாதமாக இருக்கலாம் என்று அவள் கருதினாள். மேற்கொண்டு கேட்பது முறையன்று என்றும் கருதினாள். முப்பத்து நான்கு வயதுவரை அவள் கற்ற நல்லொழுக்கம் முழுவதும் அவளை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருந்தது.

சுவரில் சட்டமிட்ட புகைப்படம் ஒன்று தொங்கியது. ஏதோ ஒரு கல்லூரியின் படிக்கட்டில் கோட்டு அணிந்த வெள்ளையர் பலரும் அவர்களின் நடுவே கறுத்த இளைஞர் ஒருவரும் நின்றிருந்தனர். அடியில் 'லண்டன், 1946' என்று எழுதியிருந்தது. இளைஞரின் நெற்றியும் மூக்கும் நாற்காலியில் இருப்பவருடையவையே. காதுகள் மட்டும் வேறாக இருந்தன.

"அங்க என்னோட படிச்சவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றார் அவர். "மத்தவங்களக் காப்பாத்தப் படிச்சாங்க. நான் சாகாம இருக்கிறதுக்குப் படிச்சேன். அதுல ஒண்ணும் மந்திரம் இல்லம்மா. டயர் தேஞ்சா வண்டியவா தூக்கிப் போடறோம்? டயரத்தான மாத்தறோம்."

அவ்வாறு சொல்லும்போது அவருடைய வலது கை நாற்காலியின் விளிம்பில் தாளம் போட்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் இரண்டு தட்டு; ஓர் இடைவெளி; மீண்டும் இரண்டு தட்டு.

செந்தமிழ்ச்செல்வி அந்தத் தாளத்தைக் கேட்டாள். அதை எங்கே கேட்டிருக்கிறோம் என்று மனம் கேட்ட கேள்விக்கு அவள் விடை தேட விரும்பவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் தாளம் போடுகிறார்கள்.

அவளுடைய தம்பி பகலவன் ஓட்டுநர். மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கைச் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிக் கீழே ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டு சேர்ப்பவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலையில் தொலைபேசியில் பேசினான். "அக்கா, லோடு ஏத்திக்கினு சாயங்காலத்துக்குள்ள வந்துடுறேன். கறிக்கொழம்பு வையி. உப்பு மட்டும் கம்மியாப் போடு, போன தடவ கோமுகி அணையவே குடிச்சுத் தீத்தேன்" என்றான். மாலையில் மலைப்பாதையின் வளைவு ஒன்றில் வண்டி நின்றிருந்தது. சாவி அதிலேயே இருந்தது. கிழங்கு மூட்டைகள் அவிழாமல் இருந்தன. அவன் மட்டும் இல்லை.

அன்று முதல் கச்சிராயபாளையத்தில் அவர்களின் தாய் ஒவ்வோர் இரவும் அவனுக்கு ஒரு தட்டில் சோறிட்டு மூடி வைக்கிறாள். செந்தமிழ்ச்செல்வி தானே கேட்டு வெள்ளிமலைக்கு மாறுதல் பெற்றாள். பேருந்து நிற்கும் இடங்களில் உள்ள ஒவ்வொரு மரத்திலும், தன் தொலைபேசி எண்ணுடன் 'காணவில்லை' என்ற அறிவிப்பை ஒட்டினாள். மழையில் கரைந்தால் மீண்டும் ஒட்டினாள். திங்கட்கிழமைதோறும் கள்ளக்குறிச்சியில் நடக்கும் குறைதீர் நாளுக்குச் சென்று, புதிய தாளில் பழைய மனுவையே எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு மனுவின் தலைப்பிலும் தம்பியின் பெயருக்குக் கீழே அவனுடைய ஆதார் எண்ணை எழுத வேண்டும். அந்தப் பன்னிரண்டு இலக்கங்கள் அவளுடைய விரல்களுக்கு இப்போது மூச்சைப் போலப் பழகிவிட்டன.

மணி நான்கேமுக்கால். மேகம் இன்னும் இறுகியது. நடந்தே சாலைக்குப் போக வேண்டும்.

"கடைசியா ஒரு தடவ பாத்துடலாம் ஐயா. ஆதார் நம்பர மொதல்லருந்து போட்டுப் பாக்கறேன்."

பலாப்பழ வாடை இப்போது கிராம்பின் மணத்தைத் தாண்டி மேலே வந்துவிட்டது. உள்ளறையின் முனகல் ஒரு கணம் நின்று, மறுபடியும் தொடங்கியது. கரியன் விளக்கொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் கைபேசியைத் தாழப் பிடித்து எண்ணைப் பதிந்தாள். கண் அந்த முகத்தின் மேலேயே இருந்தது. அவளுடைய விரல்கள் தாமாக இலக்கங்களைத் தட்டின. கருவியை நீட்டினாள். சூடான பெருவிரல் கண்ணாடியின்மேல் அமர்ந்தது.

பச்சை நிறம் எரிந்தது.

'பொருந்தியது.'

பேருந்தைப் பிடித்துவிடலாம். பெயரைச் சரிபார்க்க அவள் திரையைக் கண்ணருகே கொண்டுவந்தாள்.

பகலவன் என்று இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் படித்தாள். எண்ணைப் படித்தாள். தான் பதிந்தது முதியவரின் எண்ணன்று. திங்கட்கிழமைதோறும் மனுவில் எழுதும் தம்பியின் எண். பயத்தில் விரல்கள் செய்த பிழை. பிழை அவளுடையதே, ஐயமில்லை. ஆனால், பொருந்தியது என்று சொன்னது அவளல்லளே.

முதலில் அவளுக்குள் எழுந்தது அச்சமன்று. வெட்கப்படத்தக்க, கட்டுக்கடங்காத ஒரு மகிழ்ச்சியே எழுந்தது. மூன்று ஆண்டுகளாக எந்த மேசையும் சொல்லாத சொல்லை ஓர் இயந்திரம் சொல்லிவிட்டது. இருக்கிறான். எங்கோ, எப்படியோ, இருக்கிறான்.

கருவி கெட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"சுட்டு வெரலு வையுங்க ஐயா."

அவர் வைத்தார். பச்சை.

"நடு வெரலு."

பச்சை.

மோதிர விரல். பச்சை. அந்த விரலின் அடியில், மோதிரம் கிடந்து வெளுத்த தழும்பு. சுண்டுவிரல். பச்சை. உள்ளங்கையில் காய்ப்பு, வண்டியின் ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு. மணிக்கட்டில் ஒரு மெல்லிய வரி. காப்பு அணிந்ததுபோல் சுற்றிலும் ஒரே வரி. அந்த வரிக்கு மேலே தோல் வேறு நிறம். வேறு வயது.

"தெரிஞ்சுக்கிட்ட" என்றார் டாக்டர் ராஜாங்கம். அவருடைய குரலில் ஒரு பேராசிரியரின் திருப்தி இருந்தது. "நீ இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துப்பேன்னு நெனச்சேன்."

"எங்க..." அவள் அந்த மணிக்கட்டையே பார்த்தாள். "எங்க இருக்கான்?"

"வளைவுல வண்டிய நிறுத்தித் தண்ணி கேட்டு வந்தான். நல்ல பையன். நல்ல ரத்தம்." அவர் தம் வலது கண்ணைச் சிமிட்டினார். அது தெளிந்த, கறுத்த, மலைக்காரனின் கண். இடது கண் வெளுத்துக் கலங்கியிருந்தது. "இந்தக் கண்ணக் கரியன் தானாவே குடுத்தான். எல்லாரும் அப்பிடிக் குடுக்கறதில்ல."

"எந்தம்பி எங்கய்யா?"

"உன் முன்னாடிதான் இருக்கான். இந்தக் கை குளிருது, வேர்க்குது, தூங்குது. தூக்கத்துல ஸ்டியரிங் புடிக்குது. நான் இருக்கிறவரைக்கும் இதுவும் இருக்கும். நான் போனா..." அவர் பெருமூச்சு விட்டார். "மத்தவங்க உறுப்பு எதுவும் என் உடம்புல ஒரு வருஷத்துக்கு மேல தங்கல. அழுகிடுது. வாசனை வருதில்ல? இது ஒண்ணுதான் மூணு வருஷமா வாடல. ஏன்னு யோசிச்சேன். அந்த ரத்தம் எனக்கு ஒத்துக்குது. அதே ரத்தத்துல இன்னொரு ஆள் இருந்தா? மரத்துல நீ ஒட்டின நோட்டீசப் படிச்சேன். நீ தபாலாபீசுல இருக்கேன்னு தெரிஞ்சுது. அப்புறந்தான் இந்த வருஷம் சர்டிபிகேட்டு எடுக்க உன்னையே அனுப்பச் சொன்னேன்."

தொலைவில் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. ஒரு முறை. நீண்டு. மேகத்துக்குள் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

அவள் எழுந்தாள். எழுந்துவிட்டதாகவே நினைத்தாள். கதவு பத்தடித் தொலைவில் திறந்தே கிடந்தது. அதற்கு அப்பால் கரியன் நின்றிருந்தார். "போயிடும்மா" என்று அவர் உதடு அசைந்தது.

அப்போது நாற்காலியின் விளிம்பிலிருந்து அந்தக் கை நீண்டு அவளுடைய மணிக்கட்டைப் பற்றியது.

அவர் நீட்டவில்லை. அவருடைய முகத்தில் தோன்றிய வியப்பே அதற்குச் சாட்சி.

கை அவளைப் பிடித்து, மூன்று முறை அழுத்தியது.

கச்சிராயபாளையத்தில், சிறுவயதில், பிறர் தோட்டத்துக் கரும்பை இருவரும் திருடப் போவார்கள். தோகைக்குள் படுத்திருப்பார்கள். பேசினால் காவல்காரர் கேட்டுவிடுவார். ஒரு முறை அழுத்தினால், இரு. இரண்டு முறை அழுத்தினால், ஆள் வருகிறது. மூன்று முறை அழுத்தினால், அக்கா, என்னை விட்டுவிட்டு நீ ஓடு.

மூன்று முறை.

மீண்டும் மூன்று முறை.

ஓட வேண்டும். அவளுக்குத் தெரியும். அந்தக் கை தன் பிடியைத் தளர்த்திற்று. விரல்களை விரித்தது. புறங்கையால் அவளைக் கதவின் பக்கம் தள்ளியது.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு கைகளாலும். மூடி வைத்த ஆயிரம் தட்டுச் சோறு. நூற்றைம்பது மனுக்கள். ஒவ்வொரு மரம். ஒவ்வொரு வளைவு. தேடியது இதைத்தானே. சூடாக இருக்கிறது. நாடி துடிக்கிறது. எப்படி விடுவாள்?

ஒலிப்பான் மறுபடியும் கேட்டது. முன்னைவிடத் தொலைவில். பிறகு கேட்கவில்லை.

"பாசக்காரப் புள்ள" என்றார் முதியவர், மிகவும் மென்மையாக. "இருந்துடு. தம்பி பக்கத்துலயே இருக்கலாம்."

அவர் தலையைக் குனிந்து, மடியில் கிடந்த கறுப்பு உறையைப் பற்களால் கவ்வி இழுத்தார். பஞ்சு சிதறியது. உறை வெறுமையாகத் தரையில் விழுந்தது. கம்பளிக்குள்ளிருந்து அவருடைய கையற்ற இடது மணிக்கட்டு விளக்கொளிக்கு வந்தது. சுத்தமாகத் துடைத்த மணிக்கட்டு. ஈரமான மணிக்கட்டு. அதன் முனையைச் சுற்றிலும், முன்னதாகவே கோத்து வைத்த நூல்கள் வரிசையாகத் தொங்கின. அது மெல்ல நகர்ந்து வந்து, அவளுடைய இடது கையின் அருகே, அளவு பார்ப்பதுபோல் நின்றது.

மேசையின்மேல் கைபேசியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'பகலவன். உயிருடன் உள்ளார்.'

அவளுடைய இரு கைகளுக்குள்ளும் தம்பியின் கை திமிறியது. நகத்தால் கீறியது. மூன்று முறை அழுத்தியது. மூன்று முறை. மூன்று முறை.

அவள் விடவில்லை.